போட்டோ எடுத்தாச்சு... அப்புறம்?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், பெண்கள் மேல் எல்லோருக்கும் திடீரென்று ஒரு கரிசனம் வந்துவிடும். 8-ம் தேதி மகளிர் தினம். 31-ம் தேதி கம்பெனிகள் வருஷக் கணக்கை முடிக்கிற நாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் 'மகளிருக்கான இலவச மருத்துவ முகாம்' நடக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாப்கின் மெஷினுக்கு ரிப்பன் வெட்டுவார்கள். மேடையில் நாலு பேருக்குத் தையல் மெஷின் கொடுப்பார்கள். பேனரில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

சந்தோஷம். கொடுக்கிற கையை யாராவது தட்டிவிடுவார்களா?

ஆனால் உங்களிடம் சில கேள்விகள். அந்த முகாமில் 'உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கும்மா' என்று ஒரு பெண்ணுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களே, மூன்று மாதம் கழித்து அவரை யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா? ரிப்பன் வெட்டிய மெஷினில் இப்போது நாப்கின் இருக்கிறதா? 'மார்புல கட்டி மாதிரி தெரியுது, பெரிய ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க' என்று சொல்லி அனுப்பினார்களே ஓர் அம்மாவை, அவர் போனாரா? இல்லை, பஸ்ஸுக்குக் காசில்லாமல், கூட்டிப் போக ஆளில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாரா?

கம்பெனிகள் பெண்களின் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் பணம் கொடுப்பது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணத்தின் பலன் விழா நடந்த அன்று தெரியாது. ஒரு வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் யார் தெரியுமா? நாம்தான்!

இது வெறும் தர்மக் காசு இல்லீங்க!

'சும்மா கொடுக்கிறவங்களை ஏன் நோண்டுறீங்க? தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்த மாடு முழுக்க முழுக்கத் தானமாக வந்தது இல்லை.

2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில் 135-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது வருஷ விற்பனை 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி... இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிவிட்டாலும் அந்தக் கம்பெனி இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். முந்தைய 3 வருஷ லாபத்தின் சராசரியில் குறைந்தது 2 சதவிகிதத்தை அது சமூகத்துக்காகச் செலவழிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்று சொல்கிறார்களே, அந்தச் சமூகப் பொறுப்பு நிதி இதுதான்.

செலவழிக்காமல் வைத்திருந்தால்? 2021-ல் விதிகளை இறுக்கினார்கள். மிச்சம் வைத்த பணத்தைச் சட்டம் சொல்கிற கணக்குக்கோ, அரசு குறிப்பிட்டிருக்கும் நிதிக்கோ மாற்றியாக வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. எங்கே செலவழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவம், நோய்த் தடுப்பு, சுகாதாரம், ஆண்-பெண் சமத்துவம், பெண்களுக்கான இல்லங்கள், விடுதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கம்பெனி தொழில் நடத்துகிற ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. அதாவது, உங்கள் ஊர்த் தண்ணீரை எடுத்து, உங்கள் ஊர் ரோட்டில் லாரி ஓட்டி, உங்கள் ஊர்ப் பெண்களை வேலைக்கு வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனி, முதலில் உங்கள் ஊரைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பணம் என்று நினைக்கிறீர்கள்? முதல் வருஷமான 2014-15-ல் நாடு முழுக்கச் சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாய். 2022-23-ல் அதுவே சுமார் 30 ஆயிரம் கோடி! 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். 30 ஆயிரம் கோடியை அளக்காமல் போடலாமா?

சீட்டு எழுதிக் கொடுத்தால் ரத்தம் ஊறுமா?

முதலில் ரத்தசோகையைப் பார்ப்போம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவிகிதம். தமிழ்நாட்டில் 53.4 சதவிகிதம். பாதிக்கு மேல்! உங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் அதில் ஒருவருக்கு இருக்கலாம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை என்கிறோம்.

முகாமில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, ஒரு பட்டை மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்? நாலு நாள் சாப்பிடுவார். வயிற்றைப் பிரட்டும். மலச்சிக்கல் வரும். மலம் கறுப்பாகப் போகும். 'ஐயோ, என்னவோ ஆகுது' என்று பயந்து மாத்திரையைப் பரண்மேல் போட்டுவிடுவார். இதெல்லாம் இரும்புச்சத்து மாத்திரைக்கு வழக்கமாக வருவதுதான், பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாத்திரையோடு காபி, டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது என்று சொல்ல வேண்டும். குடற்புழு இருக்கிறதா, மாதவிலக்கின்போது அளவுக்கு மீறிப் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கல்யாண மண்டபத்தில் ஒரு நாளில் செய்துவிட முடியாது. ஆனால் ஒரு நர்ஸுக்கு வருஷச் சம்பளம் கொடுத்துச் செய்யலாம். மண்டப வாடகை, பேனர், பொன்னாடை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த நர்ஸுக்குச் சில மாதச் சம்பளம் அதிலேயே கிடைத்துவிடும்.

திண்டுக்கல்லில் 36 பேர்

'சொல்றது சுலபம், இப்படியெல்லாம் யார் செய்வாங்க?' என்கிறீர்களா? செய்திருக்கிறார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே!

கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களை எவ்வளவு வாட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-ம் வருஷத்துக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு இது புதிதாக வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது ராத்திரியோடு ராத்திரியாக வருகிற நோய் இல்லை. புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் தடுத்துவிடலாம்.

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அம்பிளிக்கையில் உள்ள ஒரு கிறிஸ்தவ சேவை மருத்துவமனை மூன்றும் சேர்ந்து நடத்தின. மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் சம்பாதித்த பில் கேட்ஸின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். சோதனை ரொம்ப எளிமையானது. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

31,343 பெண்களைச் சோதித்தார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம் இருந்தது. இங்கேதான் கவனியுங்கள். வழக்கமான முகாமாக இருந்தால் அந்த 3,088 பேர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். திண்டுக்கல்லில் அப்படி அனுப்பவில்லை. லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கிற கருவியையும், உறைய வைத்துத் திசுவை அழிக்கிற சிகிச்சையையும் கூடவே கொண்டுபோனார்கள். அடுத்தகட்டப் பரிசோதனை 3,052 பேருக்கு நடந்தது. விட்டுப்போனவர்கள் வெறும் 36 பேர்!

பலன்? 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால், நடந்த கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதம் குறைந்திருந்தது. அதனால் ஏற்படும் சாவு 35 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு சுற்று சோதனையில்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பெண்களில் 72 சதவிகிதம் பேருக்குத்தான் சிகிச்சை போய்ச் சேர்ந்தது. இத்தனை ஏற்பாடு இருந்தும் நாலில் ஒருவருக்கு மேல் கைநழுவிப் போனார் என்றால், ஏற்பாடே இல்லாத ஒரு நாள் முகாமில் எத்தனை பேர் நழுவுவார்கள்? யோசித்துப் பாருங்கள்.

2019-21 ஆய்வு சொல்கிற இன்னொரு கணக்கு. 30 முதல் 49 வயதுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவிகிதம். தமிழ்நாட்டில் 9.8 சதவிகிதம். பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா? கம்பெனிப் பணத்துக்கு இங்கே எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள்.

கட்டடம் கட்டினால் ஆச்சா?

தொழில்காரர்கள் பெண்களின் மருத்துவத்துக்குக் கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் திறந்த 40 படுக்கை மருத்துவமனை, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10 ஆயிரம் டாலரில் எழுந்தது. அந்தக் கட்டடத்தோடு அம்மையார் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஒருத்தர் எத்தனை பிரசவம் பார்ப்பார்? 1909-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆம்பளை டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த காலம் அது. அதை மாற்றியது அங்கே படித்து வெளியே வந்த பெண்கள்.

இன்றைக்குக் கம்பெனிகள் செய்கிற தப்பு இங்கேதான் இருக்கிறது. செங்கல்லுக்குக் கொடுப்பார்கள், சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். பள்ளியில் கழிப்பறை கட்டுவார்கள். அதைத் தினமும் கழுவுகிற அம்மாவின் கூலிக்கு வழி செய்ய மாட்டார்கள். நாப்கின் மெஷின் வைப்பார்கள். அதை நிரப்ப ஆளும் இருக்காது, காசும் இருக்காது. பயன்படுத்தியதைப் போட மூடி போட்ட வாளி இருக்காது, குழாயில் தண்ணீர் இருக்காது. அப்புறம் வயசுக்கு வந்த பிள்ளை மாசத்தில் மூணு நாள் லீவு போடாமல் என்ன செய்யும்?

'ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் மாறும்மா, எங்களால நீண்ட காலத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது' என்று சில கம்பெனிகளில் சொல்வார்கள். நம்பாதீர்கள். தொடங்குகிற வருஷம் போக இன்னும் 3 வருஷம் வரைக்கும் தொடர்ந்து நடக்கிற திட்டமாகவே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. மனசு இருந்தால் போதும்.

கேட்டுக்கு உள்ளே யார் பார்ப்பது?

இனி பாதுகாப்பு. இதில்தான் ஒரு பெரிய வேடிக்கை இருக்கிறது.

ஒரு கம்பெனி தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்கிற செலவைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. அந்த விதி நியாயமானதுதான். இல்லையென்றால் தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்டு, 'சமூக சேவை பண்ணிட்டோம்' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? வெளியே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'பெண் குழந்தைகள் பாதுகாப்பு' என்று பேனர் கட்டி விழா எடுக்கிற கம்பெனி, தன் கேட்டுக்கு உள்ளே தையல் லைனில் உட்கார்ந்திருக்கிற பெண் பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கும். அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள்.

கேட்டுக்கு உள்ளே செய்ய வேண்டியதில் பாதி, பெரிய செலவு பிடிக்காத விஷயங்கள். ஒரு ஸ்டூல் என்ன விலை இருக்கும்? ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் காலையில் நின்றால் ராத்திரிவரை நின்றுகொண்டே இருந்தார்கள். இடுப்பு வலி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது, பாத்ரூம் போகாமல் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு... கடைசியில் 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்துதான் அவர்களுக்கு உட்கார நாற்காலி என்று ஆனது. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது. 10 பேர் வேலை செய்தாலே, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கப் பெண் தலைமையில் உள்புகார்க் குழு வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது.

பேப்பரில் குழு இருந்தால் போதுமா? மறுபடியும் திண்டுக்கல்லுக்கே போவோம். 2021 ஜனவரியில், அங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அங்கே தொல்லைகள் பற்றிப் பல பெண்கள் அப்புறம்தான் வாய் திறந்தார்கள். இதன் பிறகு 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கமும், ஆடை தயாரிக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும் கையெழுத்துப் போட்டன. அதோடு, அங்கிருந்து துணி வாங்குகிற வெளிநாட்டு பிராண்டான எச் அண்ட் எம் உள்ளே வந்தது. கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன.

இதில் நன்கொடை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். தையல் லைனில் உட்காரும் பெண்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக ஆக்கினார்கள். யாருக்குத் தொல்லை என்றாலும் பக்கத்து மெஷின் அக்காவிடமே சொல்லலாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் தங்கள் வியாபாரத்திலேயே கை வைக்கலாம். அதாவது, பெண்ணின் பாதுகாப்பு ஆர்டரோடு முடிச்சுப் போடப்பட்டது! ஆர்டர் போய்விடும் என்றால் எந்த முதலாளியும் காது கொடுப்பார் இல்லையா?

ஆகவே ஒரு கம்பெனி உங்கள் ஊரில் பெண்கள் பாதுகாப்புக்கு விழா எடுத்தால், கைதட்டுங்கள். கூடவே, அங்கே வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் 'உள்ளே எப்படிம்மா இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

'நான் சாதாரண குடும்பப் பெண், நான் போய்க் கம்பெனிக்காரங்களைக் கேட்க முடியுமா?' என்று தயங்காதீர்கள். நீங்கள் மகளிர் குழுவில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறீர்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஊர்த் தலைவி உங்கள் சிநேகிதியாகக்கூட இருப்பார். கம்பெனிக்காரர்கள் கூட்டம் சேர்க்க உங்களிடம்தானே வருகிறார்கள்? அப்போது இதையெல்லாம் கேளுங்கள்.

மருத்துவ முகாமா? யாருக்காவது கோளாறு தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், கூட யார் போவார்கள், பஸ் செலவு யாருடையது? ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்தப் பெயர்ப் பட்டியல் போகுமா?

மெஷினா? ரிப்பேர் ஆனால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்? எத்தனை வருஷத்துக்கு நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்?

தெருவிளக்கா, கேமராவா? ராத்திரி ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வருகிற அந்த இருட்டு வழியில் வைப்பீர்களா, இல்லை கம்பெனி காம்பவுண்டைச் சுற்றி வைப்பீர்களா?

எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களை எப்போது கேட்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தையல் மெஷின் வேண்டும் என்று நாம் கேட்டோமா? ஊருக்கு ஒரு பெண் டாக்டர் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கேட்டால்தானே அவர்களுக்குத் தெரியும்?

இதைக் கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படாதீர்கள். சட்டம் செலவழிக்கச் சொல்கிறது; பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வழியில்லை. எந்தெந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தோம் என்பதைக் கம்பெனி தன் வெப்சைட்டில் போட்டாக வேண்டும். உங்கள் மகனோ மகளோ செல்போனில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். உங்கள் ஊர்ப் பெயரில் என்ன எழுதியிருக்கிறது, ஊரில் என்ன இருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள்.

நல்ல கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கேள்விகள் பாரமாக இருக்காது. 'எங்க போய்ச் சேருதுன்னு தெரியாம கொடுத்துக்கிட்டிருந்தோம்மா' என்று சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. முகாம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். 30 வயது தாண்டிவிட்டதா? கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். இந்த மாதமே ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். வேலை இடத்திலோ வீட்டிலோ தொல்லையா? 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். போகும்போது தனியாகப் போகாமல், போன முகாமில் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் துணைக்கு ஓர் ஆள்தான் இல்லாமல் இருந்தது.